கொதிக்க வைத்தால் போதுமா?

சென்ற மாதம் நமக்கு வந்த மடல்களுள் ஒன்று, இரண்டாம் மகப்பேற்றை எதிர்நோக்கியிருக்கும் ஒரு வாசகியுடையது. கடிதம் சிறியது; கேள்விகள் மூன்று. பால் புட்டியை ஒரு நாளைக்கு எத்தனை முறை, எவ்வளவு நேரம் கொதிக்க வைக்க வேண்டும் என்பது முதலாவது. பள்ளிக்குச் செல்லும் மூத்த மகனின் தண்ணீர்ப் பாட்டிலில் எவ்வளவு கழுவியும் ஒரு வாடை வீசுகிறதே, அதற்கு வழி என்ன என்பது இரண்டாவது. நாத்தனார் தம் பிள்ளைகளுக்குப் பயன்படுத்திய புட்டிகள் பரண்மேல் ஒரு பெட்டி நிறைய இருக்கின்றன, அவற்றையே துலக்கி எடுத்துக்கொள்ளலாமா என்பது மூன்றாவது.

மூன்றுக்கும் மூன்று வரியில் விடை எழுதி அனுப்பியிருக்கலாம். ஆனால் முதற்கேள்வியைப் படித்ததும் நம் தமக்கையாரின் முகம் கண்முன் வந்து நின்றுவிட்டது. ஆகவே இம்மாதப் பக்கத்தை இந்தப் புட்டிக்கே ஒதுக்கிவிட்டோம்.

தமக்கையாரின் மகள் ஒரு பள்ளியில் ஆசிரியை. குழந்தைக்கு நான்கு மாதம் நிறைவதற்குள் வேலைக்குத் திரும்ப வேண்டியதாயிற்று. பேறுகால விடுப்பு 26 வாரம் என்று 2017-ஆம் ஆண்டின் திருத்தச் சட்டம் வகுத்தது. சட்டத்தில் எழுதியிருப்பது எல்லாத் தாய்மாருக்கும் கைக்கு எட்டிவிடுகிறதா என்பது வேறு கதை. பகற்பொழுதில் குழந்தை பாட்டியின் பொறுப்பாயிற்று. மாவுப் பாலும் புட்டியும் வீட்டிற்குள் வந்தன. நம் தமக்கையார் தூய்மையில் எவருக்கும் இளைத்தவரல்லர். அவருடைய அடுக்களையில் ஈ ஒன்றைக் காண்பது அரிது. விடியற்காலை எழுந்து முதல் வேலையாகப் புட்டிகளைப் பெரிய பாத்திரத்தில் இட்டு, கால் மணி நேரம் கொதிக்க வைத்து, மூடி வைத்துவிட்டுத்தான் காப்பிக்குப் பாலை அடுப்பில் ஏற்றுவார்.

ஐந்தாம் மாதத்தில் குழந்தைக்கு வயிற்றுப்போக்கு வந்தது. பல் முளைக்கும் காலம் என்றனர் சிலர். கண்ணேறு என்றனர் வேறு சிலர். மூன்று நாளில் நின்றது. பத்து நாளில் மீண்டும் வந்தது. மூன்றாம் முறை வந்தபோது குழந்தையின் கண்கள் குழிவிழுந்து, உச்சிக்குழி உள்வாங்கி, அழுவதற்கும் வலுவின்றிக் கிடந்தது. இரண்டு இரவுகள் மருத்துவமனையில், அந்தச் சின்னஞ்சிறு கையில் ஊசியேற்றிக் கிடத்தியிருந்ததை நாமும் போய்ப் பார்த்து வந்தோம். அதைப் பற்றி மேலும் எழுத மனம் வரவில்லை. குழந்தை பிழைத்துக்கொண்டது.

வீட்டிற்குத் திரும்பிய மறுவாரம் கிராம சுகாதாரச் செவிலியர் வந்தார். குழந்தையைப் பார்த்தார், எடை போட்டார், பிறகு புட்டியைக் கேட்டார். கொதித்து ஆறிய புட்டியை மூடிய பாத்திரத்திலிருந்து தமக்கையார் பெருமையுடனேயே எடுத்துக் கொடுத்தார். செவிலியர் கழுத்து வளையத்தைத் திருகிக் கழற்றினார். வளையத்தினின்றும் ரப்பர்க் காம்பைப் பிதுக்கி எடுத்து, அதன் உட்புறத்தை வெளியே திருப்பி, விரல் நகத்தால் ஒரு கீறு கீறினார். கஞ்சியாடை போன்ற மஞ்சள் நிறப் படலம் ஒன்று நகத்தில் ஒட்டிக்கொண்டு வந்தது. முகர்ந்து பார்த்துவிட்டுத் தமக்கையாரிடம் நீட்டினார். புளித்த வாடை.

“கொதிக்க வைக்காமல் ஒரு வேளைகூடக் கொடுத்ததில்லையே, நர்சம்மா!” என்றார் தமக்கையார்.

“கொதிக்க வைத்திருக்கிறீர்கள், அம்மா. கழற்றிக் கழுவவில்லை” என்றார் அவர். கடிந்து சொல்லவில்லை. ஆனாலும் தமக்கையார் அன்று பகல் முழுதும் உணவு கொள்ளவில்லை.

வாசகி கேட்ட கேள்விக்கு நாம் தரும் விடை இதுவே. எத்தனை முறை கொதிக்க வைப்பது என்பது இரண்டாம் கேள்வி. எப்படிக் கழுவுவது என்பதே முதற்கேள்வியாக இருத்தல் வேண்டும். கொதிநீர் அழுக்கை அகற்றுவதில்லை, வேகவைக்கிறது. பாலில் கொழுப்பும் புரதமும் சர்க்கரையும் உண்டு. இவை காம்பின் உள்மடிப்பிலும், வளையத்தின் திருகு வரிகளிலும், புட்டியின் தோள்பட்டையிலும் மெல்லிய படலமாக ஒட்டிக்கொள்கின்றன. கண்ணுக்குப் புலப்படாத நுண்ணுயிர்கள் அங்கே வந்தமர்ந்து, தம்மைச் சுற்றி வழவழப்பான பசையொன்றைச் சுரந்து, அதனுள்ளே குடியேறிவிடுகின்றன. கொதிக்கும்போது மேற்பரப்பில் உள்ளவை மடியலாம். பசைக்குள் பதுங்கியவை தப்பிக்கலாம். கொதிநிலையையும் தாங்கி நிற்கும் விதை போன்ற உருவெடுத்துக்கொள்ளும் நுண்ணுயிர்களும் உள்ளன. எல்லாம் மடிந்தன என்றே வைத்துக்கொண்டாலும், எஞ்சிய பாற்படலம் அடுத்து வருபவற்றுக்கு விருந்தாகக் காத்திருக்கிறது. நமது கோடை வெப்பத்தில், உணவும் ஈரமும் கிடைத்தால், இவற்றுள் சில இருபது நிமிடத்திற்கு ஒருமுறை இரட்டிப்பாகும். காலை எட்டு மணிக்கு ஒன்றாயிருந்தது நண்பகலில் எத்தனையாகும் என்பதைப் பள்ளிப் பிள்ளைகள் கணக்கிட்டுப் பார்க்கட்டும்.

கழுவ இயலாத புட்டி என்ன செய்யும் என்பதற்கு வரலாற்றில் ஒரு கொடிய சான்று உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் இங்கிலாந்தில் ஒருவகைப் பால் புட்டி மிகவும் பரவியது. தட்டையான கண்ணாடிப் புட்டி; அதன் வாயிலிருந்து நீண்ட ரப்பர்க் குழாய்; குழாயின் நுனியில் காம்பு. தாய் அருகில் இல்லாமலேயே குழந்தை தானாகச் சப்பிக் குடிக்கலாம் என்பதே அதன் சிறப்பு. அந்தக் குழாயின் உட்புறத்தைக் கழுவ எந்தத் தூரிகையும் இல்லை. போதாக்குறைக்கு, 1861-இல் வெளிவந்து வீடுதோறும் புகுந்த இசபெல்லா பீட்டன் அம்மையாரின் இல்லப் பராமரிப்பு நூல், புட்டியில் ஒருமுறை கட்டிய காம்பைப் புதியது மாற்றும் வரையில், அதாவது ஏறத்தாழ இரண்டு வாரம், கழற்ற வேண்டியதில்லை என்று அறிவுரை கூறியிருந்தது. அக்கால மருத்துவர்கள் எதிர்த்துக் குரல் கொடுத்தனர். ‘கொலைப் புட்டி’ என்றே அதற்குப் பெயர் வழங்கலாயிற்று. ஆயினும் விலை மலிவு, வசதி பெரிது, விற்பனை குறையவில்லை. பிரான்சு நாடு 1910-ஆம் ஆண்டில் சட்டமியற்றி நீண்ட குழாய்ப் புட்டிகளைத் தடை செய்தது. இங்கிலாந்தில் அவற்றின் இடத்தைப் பின்னர்ப் பிடித்தது, இருமுனையும் திறந்திருக்கும் படகு வடிவப் புட்டி. ஒரு முனையில் காம்பு, மறுமுனையில் அடைப்பு; இரண்டையும் கழற்றிவிட்டால் நடுவே நீர் தங்குதடையின்றி ஓடும். கொலைப் புட்டிக்கு மாற்றாக அவர்கள் கண்டது புதிய மருந்து எதையுமன்று. உள்ளே தூரிகை செல்லும் வாயை மட்டுமே.

இனிக் கழுவும் முறைக்கு வருவோம். குழந்தை குடித்து முடித்தவுடன் புட்டியைப் பகுதி பகுதியாகக் கழற்றிவிட வேண்டும். புட்டி, வளையம், காம்பு, மூடி, சில புட்டிகளில் காற்றுத் தடுக்கும் சிறு தட்டு, இவை ஒவ்வொன்றும் தனித்தனியே. முதலில் சாதாரணத் தண்ணீரில் அலசுங்கள். எடுத்த எடுப்பிலேயே கொதிநீரை ஊற்றினால் பால் இறுகிப் பிடித்துக்கொள்ளும் என்பது பால் பாத்திரம் துலக்கிய எந்தப் பெண்ணுக்கும் நாம் சொல்லித் தெரிய வேண்டியதன்று. அதன் பிறகே வெந்நீரும் சோப்பும். வீட்டுப் பாத்திரங்கள் கிடக்கும் தொட்டியில் இவற்றைப் போடலாகாது. இறைச்சி கழுவிய நீரும் மீன் செதிலும் அங்கே ஒட்டியிருக்கும். குழந்தைக்கென்று ஒரு சிறு எவர்சில்வர் வட்டிலைத் தனியே வைத்துக்கொள்ளுங்கள். தூரிகைகளும் அவ்வாறே: புட்டிக்கு நீண்டது ஒன்று, காம்புக்குச் சிறியது ஒன்று. அந்தத் தூரிகைகளையும் நாள்தோறும் அலசி நிமிர்த்தி உலர வைக்க வேண்டும். ஈரத்தோடு மூலையில் கிடக்கும் தூரிகை அழுக்கை எடுக்காது, கொடுக்கும்.

காம்பை உள்வெளியாகத் திருப்பித் தேய்த்த பின், நிமிர்த்தி நீர் நிரப்பி, துளை வழியே பீய்ச்சி விடுங்கள். துளையில் அடைத்திருக்கும் பால் தெறித்து வெளியேறும். வளையத்தின் திருகு வரிகளை மறவாதீர்கள். நம் தமக்கையார் வீட்டுக் குற்றவாளி பாதி அங்கேதான் ஒளிந்திருந்தது. நம் ஊர்களில் ஆழ்துளைக் கிணற்று நீர் பெரும்பாலும் கடின நீர். அது புட்டியின் உட்சுவரில் வெண்மையான உப்புப் படலமாகப் படியும். அந்தச் சொரசொரப்பில் அழுக்கு எளிதில் பற்றும். வாரமொரு முறை எலுமிச்சைச் சாறோ வினிகரோ கலந்த நீரை அரை மணி நேரம் ஊற்றி வைத்துக் கழுவினால் படலம் கரைந்துவிடும்.

முன்னாளில் மண்ணெண்ணெய்ப் புட்டியையும் எண்ணெய்ப் புட்டியையும் கழுவ, ஒரு பிடி மணலைப் போட்டுக் குலுக்குவார்கள். கண்ணாடிக்கு அது தகும். பிளாஸ்டிக் புட்டிக்குள் மணல் போட்டுக் குலுக்கிய ஒரு பாட்டியாரையும் நாம் அறிவோம். பிளாஸ்டிக்கில் விழும் ஒவ்வொரு கீறலும் நுண்ணுயிருக்கு ஒரு வீடு. கீறல் விழுந்ததும் மங்கிப் போனதுமான பிளாஸ்டிக் புட்டியை, விலை கொடுத்து வாங்கியதாயிற்றே என்று வைத்துக்கொண்டிராமல் அப்புறப்படுத்துவதே நன்று.

இவ்வளவும் செய்த பிறகு கொதிக்க வைத்தல். எல்லாப் பகுதிகளும் நீரில் முழுவதும் மூழ்கியிருக்க வேண்டும். புட்டிக்குள் காற்றுக் குமிழி தங்கினால் அந்த இடம் கொதிநீர் படாமலே தப்பும். நீர் தளதளவெனக் கொதிக்கத் தொடங்கியபின் ஐந்து முதல் பத்து நிமிடம் போதும். கால் மணி, அரை மணி என்று நீட்டினால் ரப்பர்தான் நைந்து போகும். நாளொன்றுக்கு ஒருமுறை இவ்வாறு கொதிக்க வைத்தலும், ஒவ்வொரு வேளைக்கும் பின் செவ்வனே கழுவுதலும் வேண்டும். பிறந்து இரண்டு மாதம் ஆகாத குழந்தைக்கும், குறை மாதத்தில் பிறந்த குழந்தைக்கும், நோயால் நலிந்த குழந்தைக்கும் இது கட்டாயம். எடுத்த பிறகு துணியால் துடைக்காதீர்கள். அடுக்களைத் துணி எத்தனை கைகளைத் துடைத்ததோ! தூய தட்டின்மேல் கவிழ்த்துக் காற்றிலேயே உலரவிட்டு, மூடி வையுங்கள்.

மாவுப் பாலைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனெனில் பலரும் அறியாதது இது. தகரக் குவளையில் முத்திரையிட்டு வரும் பால்மாவு, நுண்ணுயிர் அறவே அற்ற பொருள் அன்று. ‘குரோனோபேக்டர்’ என்னும் ஒருவகை நுண்ணுயிர் அதில் அரிதாக இருப்பதுண்டு. பச்சிளம் குழந்தையின் மூளையுறையை அது தாக்கினால் உயிருக்கே ஊறாகும். இதனால்தான் உலகச் சுகாதார நிறுவனம் 2007-இல் வெளியிட்ட வழிகாட்டுதலில், மாவைக் கலக்கும் நீர் 70 பாகை செல்சியசுக்குக் குறையாமல் இருக்க வேண்டும் என்று கூறியது. வெப்பமானி இல்லாத வீட்டில் இதை எவ்வாறு அறிவது? ஒரு லிட்டர் நீரைக் கொதிக்க வைத்து இறக்கி, அரை மணி நேரத்திற்குள் பயன்படுத்திவிட்டால் போதும். முதலில் நீரை அளந்து ஊற்றி, பிறகு மாவைக் குவளையுடன் வரும் கரண்டியாலேயே தலைதட்டி இட வேண்டும். கலந்த பின் புட்டியைக் குளிர்ந்த நீரில் நிறுத்தி ஆற்றி, மணிக்கட்டின் உட்புறத்தில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்துக் கொடுங்கள். மாவு விலையேறியதென்று ஒரு கரண்டியைக் குறைத்து நீரைக் கூட்டுவோர் உண்டு. வயிறு நிரம்பும், ஆனால் குழந்தை வளராது. பட்டினிக்கும் அதற்கும் வேறுபாடு அதிகமில்லை.

கலந்த பாலை இரண்டு மணி நேரத்திற்குள் கொடுத்துவிட வேண்டும். குழந்தை வாய் வைத்துக் குடித்து மீதி வைத்ததை அடுத்த வேளைக்கு எடுத்து வைத்தல் கூடவே கூடாது. உமிழ்நீர் பட்ட பால் விரைவில் கெடும். பயணத்தின்போது கலந்த பாலை வெதுவெதுப்பாகவே பிளாஸ்கில் ஊற்றிக்கொண்டு பேருந்து ஏறும் தாய்மாரைக் கண்டிருக்கிறோம். அன்பினால் செய்வதுதான். ஆயினும் அந்த வெதுவெதுப்பு, தயிருக்கு உறை ஊற்றிப் பொதிந்து வைப்பதற்கு ஒப்பானது. பிளாஸ்கில் கொதிநீரை மட்டும் எடுத்துச் செல்லுங்கள். மாவை அளந்து உலர்ந்த சிமிழில் தனியே வைத்துக்கொள்ளுங்கள். குழந்தை பசித்து அழும்போது கலந்தால் போதும்.

2020-ஆம் ஆண்டில் அயர்லாந்தின் டப்ளின் நகரத்து ஆய்வாளர்கள் ஒரு செய்தியை வெளியிட்டனர். பாலிபுரொப்பிலீன் என்னும் பிளாஸ்டிக்கால் ஆன புட்டிகளில் சூடான நீர் ஊற்றிப் பால் கலக்குகையில், லிட்டருக்குப் பல இலட்சம் முதல் ஒரு கோடிக்கும் மேற்பட்ட நுண்துகள்கள் வரை உதிரக்கூடும் என்பதே அது. சூடு ஏற ஏறத் துகள்களும் பெருகுகின்றன. இதைக் கேட்டு எவரும் அஞ்சி நடுங்க வேண்டியதில்லை. எளிய வழி ஒன்று உண்டு. பாலைக் கண்ணாடிக் குவளையிலோ எவர்சில்வர் பாத்திரத்திலோ கலந்து, ஆறிய பின் புட்டியில் ஊற்றுங்கள்.

இத்தனை தொல்லைக்கும் பிறகு, புட்டி வேண்டுமா என்று நாம் கேட்டால் வாசகி சினந்து கொள்ளலாகாது. முதல் ஆறு மாதம் தாய்ப்பால் ஒன்றே போதும். கத்திரி வெயிலில்கூட ஒரு வாய்த் தண்ணீர் வேண்டியதில்லை, ஏனெனில் வேண்டிய நீர் அப்பாலிலேயே உண்டு. நம் வீடுகளில் புட்டி முதன்முதலில் நுழைவது பெரும்பாலும் பாலுக்காக அன்று. ‘குழந்தைக்குத் தொண்டை வறளுமே’ என்று பாட்டிமார் தரும் தண்ணீருக்காகவே. அத்தண்ணீரோடு நோயும் உள்ளே போகிறது. வயிறு நீரால் நிரம்புவதால் குழந்தை தாயிடம் குடிப்பதும் குறைகிறது.

சிசிலி வில்லியம்ஸ் என்னும் பெண் மருத்துவர் 1939-ஆம் ஆண்டில் சிங்கப்பூரில் ஓர் உரை நிகழ்த்தினார். ‘பாலும் கொலையும்’ என்பது அதன் தலைப்பு. தாய்ப்பாலுக்கு மாற்றாக இனிப்பூட்டிய டப்பாப் பாலைத் தாய்மாரிடம் திணிப்பதைக் கொலையென்றே அவர் கூறினார். நாற்பத்திரண்டு ஆண்டுகள் கழித்து, 1981-இல், உலகச் சுகாதார மன்றம் பால்மாவு விற்பனைக்கு ஒரு நெறிமுறை வகுத்தது. நம் நாட்டில் 1992-ஆம் ஆண்டுச் சட்டம் பால்மாவுக்கு மட்டுமன்றிப் பால் புட்டிக்கும் விளம்பரம் செய்வதைத் தடை செய்திருக்கிறது. புட்டிக்கு ஏன் தடை என்று முன்பு நாமும் வியந்ததுண்டு. தமக்கையார் வீட்டு நிகழ்ச்சிக்குப் பின் அந்த வியப்பு அகன்றுவிட்டது.

வேலைக்குச் செல்லும் தாய் தன் பாலையே கறந்து வைத்துச் செல்லலாம். குளிர்பதனப் பெட்டியில் அது நான்கு நாள் வரை கெடாது. வெளியே வைப்பதாயின், 25 பாகைக்கு மேற்படாத குளிர்ந்த அறையில் நான்கு மணி நேரம். நமது கோடையில் அவ்வளவுகூட நம்பலாகாது. பாலையும் புட்டியில்தான் ஊற்றிக் கொடுக்க வேண்டும் என்பதில்லை. நம் வீடுகளில் பாலாடை உண்டு. சங்கு என்றும் சொல்வர். படகு போன்ற சிறு கிண்ணம், ஒரு பக்கம் நீண்ட மூக்கு. திருகு இல்லை, வளையம் இல்லை, மடிப்பில்லை. ஒரு விரலால் உள் முழுவதையும் துடைத்துவிடலாம். மேனாட்டார் நூறாண்டுக்கு முன் படகுப் புட்டியில் தேடியது இதைத்தான். காம்பைச் சப்ப வலுவில்லாத குறைமாதக் குழந்தைகளுக்கு நம் மருத்துவமனைகளில் இன்றும் பாலாடையாலேயே பால் புகட்டுகிறார்கள். கழுவ வசதி குறைந்த இடங்களில் புட்டியைவிடக் கிண்ணமே ஏற்றது என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் கருத்தும் ஆகும்.

பழையது என்பதற்காக எல்லாவற்றையும் புகழ்ந்துவிட மாட்டோம். குழந்தையைக் கால்மேல் மல்லாத்தி, மூக்கைப் பிடித்து, சங்கை வாயில் கவிழ்க்கும் வழக்கம் சில இடங்களில் இருந்தது. பால் மூச்சுக்குழலில் புகுந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. குழந்தையை நிமிர்த்தி மடியில் அமர்த்தி, பாலாடையின் மூக்கைக் கீழுதட்டில் தொடுமாறு வைத்து, பால் உதட்டை எட்டும் அளவுக்கு மட்டும் சாய்க்க வேண்டும். குழந்தை தானே நக்கியும் உறிஞ்சியும் குடிக்கும். ஊற்றலாகாது. பூ வேலைப்பாடு செய்த வெள்ளிச் சங்காயின் அந்தப் பூவிதழ்களுக்குள்ளும் பால் தங்கும். வேலைப்பாடில்லாத எவர்சில்வரே சிறந்தது. இதையும் கழுவிக் கொதிக்க வைக்கத்தான் வேண்டும்.

தமக்கையார் வீட்டில் இப்போது பாலாடைதான். மகள் விடியலில் பால் கறந்து வைத்துவிட்டுச் செல்கிறாள். முதல் வாரம் பாதிப் பால் குழந்தையின் கழுத்துத் துணிக்குப் போயிற்று. பிறகு பாட்டியும் பேரனும் பழகிக்கொண்டார்கள்.

எவ்வளவு கவனமாக இருப்பினும் வயிற்றுப்போக்கு வந்துவிடலாம். பால் கொடுப்பதை நிறுத்தாதீர்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் கிடைக்கும் உப்பு-சர்க்கரைக் கரைசல் பொட்டலத்தையும் துத்தநாக மாத்திரையையும் செவிலியர் கூறும் அளவில் கொடுங்கள். கண் குழிதல், சிறுநீர் குறைதல், மலத்தில் இரத்தம், பால் குடிக்க மறுத்துச் சோர்ந்து கிடத்தல், இவற்றுள் ஒன்று கண்டாலும் மருத்துவமனைக்குப் புறப்பட்டுவிட வேண்டும். நாம் மூன்றாம் முறை வரை காத்திருந்தோம்.

இரண்டாம் கேள்வி பள்ளிப் பிள்ளையின் தண்ணீர்ப் பாட்டில். வாடை பாட்டிலில் இருப்பதாக எண்ணி உள்ளே கழுவுகிறீர்கள். அது பெரும்பாலும் மூடியில் இருக்கிறது. மூடியின் உட்புறத்திலுள்ள வாஷரை மெல்லிய கரண்டிக் காம்பால் நெம்பி எடுத்துப் பாருங்கள். கறுத்த வழவழப்பு ஒன்று காணப்படும். உறிஞ்சுகுழல் வைத்த பாட்டிலாயின் குழலுக்குள்ளும் அதுவே. இங்கிலாந்தின் பழைய ரப்பர்க் குழாய் நினைவுக்கு வருகிறதல்லவா? இயன்றால் குழலில்லாத, கை நுழையும் அகன்ற வாயுள்ள எவர்சில்வர் பாட்டிலாக வாங்கிக் கொடுங்கள். அக்காலத்துக் கூஜாவுக்குள் முழங்கை வரை நுழைந்தது. அதனால்தான் மூன்று தலைமுறை அது வாடையின்றி உழைத்தது. மாலையில் பிள்ளை வந்தவுடன் மீதித் தண்ணீரைக் கொட்டி, சோப்பிட்டுக் கழுவி, மூடியைத் தனியே திறந்து வைத்து இரவெல்லாம் உலரவிட வேண்டும். வாடை ஏறிவிட்டதாயின் சமையல் சோடா ஒரு கரண்டி கலந்த வெந்நீரில் இரவு முழுதும் ஊறட்டும். எவர்சில்வருக்கு வெளுப்புத் தூள் வேண்டாம், அரிக்கும்.

அண்ணாந்து குடிக்கும் வழக்கம் நம்மிடையே அருகி வருகிறது. வாய் வைத்துக் குடிக்கையில் சோற்றுத் துணுக்கும் எச்சிலும் பாட்டிலுக்குள் திரும்பிச் சென்று, வெயிலில் வெதுவெதுப்பாகி, மாலைக்குள் வாடையாகின்றன. உதடு படாமல் குடிக்கப் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுங்கள். முதல் இரண்டு நாள் சட்டை நனையும். கடையில் தண்ணீர் வாங்கிக் குடித்த மெல்லிய பாட்டிலை மாதக்கணக்கில் பள்ளிக்குக் கொடுத்தனுப்பாதீர்கள். அது ஒரு முறைக்கென்று செய்யப்பட்டது, கழுத்து குறுகியது, வெந்நீர் பட்டால் நெளிந்துவிடும்.

இனிப் பரண்மேல் உள்ள பெட்டி. பிளாஸ்டிக் புட்டிகளை முதலில் பாருங்கள். அடிப்புறத்தில் முக்கோணத்துள் 7 என்ற எண்ணும், ‘பி.சி.’ என்ற எழுத்துகளும் இருந்தால் அது பாலிகார்பனேட். கண்ணாடி போலத் தெளிவாக, உறுதியாக இருக்கும். அழகில் மயங்க வேண்டாம். உடலின் சுரப்பு நீரைப் போல நடிக்கும் ‘பிஸ்பீனால் ஏ’ என்னும் வேதிப்பொருள் அதிலிருந்து கசியக்கூடும் என்பதால் ஐரோப்பிய நாடுகள் 2011-இலும் அமெரிக்கா 2012-இலும் பால் புட்டிகளில் அதனை விலக்கின. இந்தியத் தர நிர்ணய அமைப்பும் 2015-இல் அவ்வாறே விதித்தது. உங்கள் நாத்தனாரின் பிள்ளைகள் அதற்கு முன் பிறந்தவர்களாயின் அப்புட்டிகள் வேண்டாம். எண் எதுவாயினும், கீறலும் மங்கலும் விழுந்தவையும் வேண்டாம். கண்ணாடிப் புட்டிகள் இருந்தால், விளிம்பில் விரலை ஓட்டிச் சிதைவு உண்டா என்று பார்த்து, நன்கு கழுவிக் கொதிக்க வைத்து எடுத்துக்கொள்ளலாம். ரப்பர்க் காம்புகள் எல்லாவற்றையும் எறிந்துவிட்டுப் புதியவை வாங்குங்கள். அந்தப் பெட்டியின் அடியில் பாலாடை ஒன்று கிடந்தால், அதைமட்டும் தனியே எடுத்துத் துலக்கி வையுங்கள்.